பழுதறி கருவி: எதனை வாங்குவது?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பட்டறைகளில் ஓசை கேட்டே எஞ்சினின் நோயறியும் மெக்கானிக்குகள் உளர். எனினும், 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் வெளியான வண்டிகளில், ஸ்கேனர் இன்றிப் பல பழுதுகளைக் காண்டல் அரிது.

விலை மலிந்த கருவி பெரும்பாலும் எஞ்சினின் பழுதுக் குறியீட்டை மட்டுமே படிக்கும். பி0171 எனக் காட்டின், எரிபொருளின் அளவுக்குக் காற்று மிகுந்துள்ளது என்பதே பொருள். காற்றுக் கசிவா, பெட்ரோல் பம்பின் தளர்ச்சியா, சென்சாரின் குறையா என்பதை அது கூறாது. குறியீட்டை மட்டும் நம்பிச் சென்சாரை மாற்றிக் கைப்பொருள் இழந்தாரும் உண்டு. ஆதலின், எஞ்சின் ஓடுகையிலேயே சென்சார்களின் அளவுகளைக் காட்டும் கருவியையே நாம் பரிந்துரைப்போம். ஏபிஎஸ், ஏர்பேக் பழுதுகளையும் அது படிக்குமாயின் மிக நன்று. மென்பொருளைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் கட்டணம் உண்டா என முன்னரே கேட்டறிக. பலர் மறப்பது இதனையே. தம் பட்டறைக்கு அடிக்கடி வரும் வண்டியொன்றில் பொருத்திப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.