செவிலியர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற செவிலியரிடம் நாம் கேட்பதெல்லாம் எந்த நாடு, என்ன சம்பளம், பாஷை தெரியுமா, பாதுகாப்பு எப்படி என்பதுதான். அந்த வேலைக்காக எவ்வளவு கட்டினாய், எங்கே வாங்கிக் கட்டினாய் என்று கேட்பவர்கள் குறைவு. அங்கே அவர் வாழ்க்கை எப்படி அமையும் என்பதைப் போகிற நாட்டைவிட, விமானம் ஏறும்போது தலைமேல் இருக்கும் கடன்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது என்று நான் நினைக்கிறேன்.

2014-ல் இராக்கின் திக்ரித் நகரை ஐஎஸ் ஆயுதக்குழு பிடித்தபோது, அங்கிருந்த மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலோர் கேரளப் பெண்கள். அந்த நிலையிலும் அவர்களில் சிலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள். சம்பளம் பாக்கி, வாங்கிய கடன் அப்படியே நின்றது. கடைசியில் ஜூலை 5 அன்று எல்லோரும் பத்திரமாகக் கொச்சி வந்து சேர்ந்தார்கள். போர் நடக்கும் ஊரிலிருந்தே கிளம்பவிடாமல் கடன் கட்டிப்போடுகிறது என்றால், ஒப்பந்தத்தில் ஒன்றைச் சொல்லிக் கையில் வேறொன்றைக் கொடுக்கும் மருத்துவமனையிலிருந்து அது எப்படி விடும்? கடன் இல்லாதவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். நகையை அடகு வைத்துப் போனவரால் முடியாது. அவரை வேலைக்கு வைத்திருப்பவருக்கும் அது தெரியும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. உரிமம் பெற்ற ஏஜென்ட், வேலைக்குப் போகிற ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. நடைமுறை வேறு. 2015-ல் குவைத்துக்குச் செவிலியரை அனுப்பிய கொச்சி நிறுவனம் ஒன்று, அப்போது ஒருவரிடம் 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதாக சிபிஐ வழக்குப் பதிந்தது. அதே ஆண்டு மத்திய அரசு, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியர் அரசு நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டும் என்று உத்தரவிட்டது. கேரளத்துக்கு நோர்கா ரூட்ஸ், ஒடெபெக்; தமிழ்நாட்டுக்கு 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

அரசு வழியில் இடம் குறைவு, காத்திருக்க வேண்டும், ஏஜென்ட் சீக்கிரம் அனுப்பிவிடுகிறார் என்பார்கள். காத்திருப்பு உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 20,000 ரூபாய் வட்டிக்கே போகும். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகூடச் செவிலியருக்குத் தரவேண்டும் என்று சொன்ன குறைந்தபட்ச மாதச் சம்பளமும் அதே 20,000 தான். ஒரு வருடம் முன்னால் போவதற்காக, இங்கே ஒருவர் வாங்க வேண்டிய முழுச் சம்பளத்தையும் மாதாமாதம் வட்டியாகக் கட்டுவது அவசரத்துக்கு மிக அதிக விலை. படித்தவர்களை நாடு இழக்கிறதே என்று வருந்துபவர்கள், அந்த 20,000-ஐயாவது ஒழுங்காகக் கொடுக்கச் சொல்லி மருத்துவமனை முதலாளிகளிடம் முதலில் பேசட்டும்.

பணம் கட்டாமலும் போக முடியும். உலகில் சுமார் 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் சொன்னது, தேவை வேலைக்கு எடுப்பவர்களுக்குத்தான். நோர்காவும் ஜெர்மனியின் ஜிஐஇசட் அமைப்பும் நடத்தும் டிரிபிள் வின் திட்டத்தில் செவிலியரிடம் கட்டணம் கிடையாது, பி1 நிலைவரை ஜெர்மன் மொழிப் பயிற்சியும் இலவசம். பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறையும் வேலை தேடுபவரிடம் ஏஜென்சி பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இடையில் விலகினால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஷரத்தைச் சில மருத்துவமனைகள் ஒப்பந்தத்தில் வைக்கின்றன. அதுவும் கடன்தான், கையெழுத்துக்கு முன் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கேட்பவரின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ரசீதில் எழுதிய தொகையும் உங்கள் கையிலிருந்து போன தொகையும் ஒன்றாக இல்லையென்றால், பணத்தையும் ஒரிஜினல் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.