பல்லைப் பிடித்துப் பார்க்கட்டும்!



‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பது பழமொழி. இலவசமாக வந்ததில் குறை காணாதே என்று, வாங்குகிறவருக்குச் சொன்ன அறிவுரை அது. இன்று அதைக் கொடுக்கிறவர் பக்கம் திருப்பி வைத்துச் சிந்திப்போம். பல்லைப் பார்க்க மாட்டார்கள் என்ற துணிச்சலில்தானே பல் விழுந்த மாட்டை நாம் தானம் கொடுக்கிறோம்?

மதுரைத் தெருக்களில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்களை நாம் அறிவோம். நாம் கொண்டுவந்து போடும் சேலையையும் பேண்டையும் அவர் ஒவ்வொன்றாக உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கிழிசல் இருந்தால் ஒதுக்குவார். நாமும் விடாமல் பேரம் பேசி ஒரு எவர்சில்வர் கிண்ணமாவது வாங்கிவிடுவோம். அவர் ஒதுக்கியதை என்ன செய்கிறோம்? மூட்டையாகக் கட்டிக் கோவிலில் வைத்து, ‘ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். வியாபாரிக்கு நல்லது, ஏழைக்கு அவர் வேண்டாம் என்றது. இது நம்மில் பலர் வீட்டில் நடப்பதுதான்.

ஆடையின்றி இருந்தவரை உடுத்தியது தம்மையே உடுத்தியதாகும் என்று நம் ஆண்டவர் மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். அப்படியானால் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்ப்பவர் யார்? இதை எண்ணித்தான் உலகின் பல இடங்களில் ஒரு கடையும் ஒரு தொண்டு அமைப்பும் கைகோத்து நடத்தும் ஒரு முறை வளர்ந்திருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

1833 ஏப்ரல் 23. பாரிஸ் நகரில் பிரடெரிக் ஓசானாம் என்ற மாணவருக்கு அன்று 20 வயது நிறைந்தது. அன்று அவரும் நண்பர்கள் சிலரும் கூடித் தொடங்கியதுதான், இன்று நம் பங்குகளிலும் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபை. ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது, எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசலி ரெண்டு என்ற அருட்சகோதரி. ஓசானாமை 1997ஆம் ஆண்டிலும், அருட்சகோதரி ரோசலியை 2003ஆம் ஆண்டிலும் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அருளாளர்களாக உயர்த்தினார்.

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இந்தச் சபையினர் பழைய பொருள் கடைகளை நடத்துகிறார்கள். மக்கள் தங்களுக்குத் தேவைப்படாத, ஆனால் நல்ல நிலையில் உள்ள துணி, பாத்திரம், மேசை, நாற்காலி, புத்தகம் ஆகியவற்றை இலவசமாகக் கொடுக்கிறார்கள். தொண்டர்கள் பிரித்து, சரிபார்த்து, குறைந்த விலை போட்டு அடுக்குகிறார்கள். யார் வேண்டுமானாலும் வந்து வாங்கலாம். கல்லூரி மாணவரும் வாங்குவார், வசதியுள்ளவரும் வாங்குவார்.

இந்த இடத்தில்தான் தொண்டு அமைப்பு உள்ளே வருகிறது. சபை உறுப்பினர்கள் கஷ்டப்படும் குடும்பங்களை வீடு தேடிச் சந்திக்கிறார்கள். அங்கே படுக்க மெத்தை இல்லை, பிள்ளைக்கு உடுப்பு இல்லை என்று கண்டால் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டோடு கடைக்கு வருகிறவர், காசு கொடுத்து வாங்குகிறவரைப் போலவே, தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து எடுத்துச் செல்லலாம். விற்பனையில் கிடைக்கும் பணமோ வாடகை கட்ட முடியாதவருக்கும், மின்கட்டணம் கட்ட முடியாதவருக்கும் உதவியாகப் போகிறது. இப்படிக் கடை சபைக்குப் பணம் தருகிறது. யாருக்கு உண்மையில் தேவை என்பதைச் சபை கடைக்குச் சொல்கிறது. ஒன்றில்லாமல் மற்றது நொண்டும்.

‘தானமாக வந்ததை ஏழைக்கு விற்கலாமா?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் விலை கொடுத்து வாங்குகிறவருக்கு ஓர் உரிமை உண்டு. அவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். ‘இந்த நிறம் எனக்கு வேண்டாம், அளவு சரியில்லை’ என்று சொல்லலாம். நன்றி சொல்லித் தலைகுனிய வேண்டிய அவசியமும் இல்லை. பத்து ரூபாயே ஆனாலும் அது தம் உழைப்பின் பணம் என்ற நிமிர்வு அவருக்கு இருக்கிறது. பத்து ரூபாயும் இல்லாதவருக்குச் சீட்டு இருக்கிறது. வரிசையாக நிற்கவைத்து, புகைப்படம் எடுத்து, கையில் திணிக்கும் சேலையில் இந்த உரிமை இல்லை.

நம் நாட்டில் இதே எண்ணத்தை வேறொரு வழியில் செய்து காட்டியது, அன்சு குப்தா 1999ஆம் ஆண்டில் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு. தம் வீட்டிலிருந்து எடுத்த 67 துணிகளோடு அவர் தொடங்கினார். நகரங்களில் சேரும் துணியைப் பிரித்து, தைத்து, கிராமங்களுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் சும்மா கொடுப்பதில்லை. எந்த வேலை தேவை என்று ஊர் மக்களே முடிவு செய்கிறார்கள். கிணறு வெட்டுகிறார்கள், குளம் தூர்வாருகிறார்கள், பாதை போடுகிறார்கள். அந்த உழைப்புக்கு மரியாதையாகத் துணியும் வீட்டுப் பொருள்களும் அவர்களுக்குக் கிடைக்கின்றன. கண்மாய்க்கரையில் ஊரே கூடி மண்வெட்டி பிடித்த குடிமராமத்தை அறிந்த நமக்கு இது புரியாததல்ல. இப்பணிக்காக அன்சு குப்தாவுக்கு 2015ஆம் ஆண்டு மகசேசே விருது வழங்கப்பட்டது.

பிரித்துப் பார்க்காத தானம் என்ன ஆகும் என்பதை நம் தமிழகமே கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாடெங்கிலுமிருந்து நாகப்பட்டினம் கரைக்கு லாரி லாரியாகத் துணி வந்தது. கிழிந்ததும், அழுக்கானதும், நம் வெயிலுக்கு உதவாத கம்பளிச் சட்டையுமாகச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. வீட்டையும் பிள்ளையையும் பறிகொடுத்து நின்ற மீனவ மக்கள் பலர் அவற்றைத் தொடவில்லை. அவர்கள் கடலில் சென்று உழைத்துச் சாப்பிட்டவர்கள். அந்தக் குவியல் அவர்கள் வலியை இன்னும் கூட்டியது. பிறகு அந்தத் துணிகளை அள்ளிப் பிரித்துப் பயன்படும்படி செய்யும் வேலையைக் கூஞ்ச் எடுத்துக்கொண்டது.

2017ஆம் ஆண்டு திருநெல்வேலியில், அன்றைய மாவட்ட ஆட்சியர் சந்தீப் நந்தூரி ‘அன்புச் சுவர்’ ஒன்றை ஏற்படுத்தினார். மிகுதியாக வைத்திருப்பவர் அங்கே வைக்கலாம், இல்லாதவர் எடுத்துக்கொள்ளலாம். ஈரான் நாட்டின் மஷாத் நகரில் 2015ஆம் ஆண்டு தொடங்கிப் பரவிய வழக்கம் அது. யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை என்பது சுவரின் நன்மை. அதைத் தினமும் பிரித்து ஒழுங்குபடுத்த ஆள் இல்லாவிட்டால் குப்பைமேடாகிவிடும் என்பது அதன் ஆபத்து. எனவே கடையானாலும் சுவரானாலும், அதன் உயிர் பிரித்தெடுக்கும் கைகளில் இருக்கிறது.

விவிலியத்தில் அந்தக் கைகளுக்கு ஒரு பெயர் உண்டு. யோப்பா நகரில் வாழ்ந்த தபித்தா. அவர் இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது, தபித்தா தங்களோடு இருந்தபோது செய்து தந்த ஆடைகளைத்தான் (திருத்தூதர் பணிகள் 9). ரூத்து நூலில் போவாசும் ஒரு பாடம் சொல்லித் தருகிறார். கதிர்க்கட்டைத் தூக்கி ரூத்தின் கையில் கொடுத்துவிடாமல், சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடும்படியும், அவளை அதட்டாமல் இருக்கும்படியும் வேலையாட்களிடம் சொல்கிறார். தானே பொறுக்கிச் சேர்த்தது என்ற மனநிறைவோடு அந்த ஏழைப் பெண் வீடு திரும்புகிறார்.

அன்பார்ந்தவர்களே, இந்த மதுரை மண்ணுக்கும் இதில் ஒரு நினைவு உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தியடிகள் தம் உடையைக் குறைத்து அரையாடைக்கு மாறினார். அவர் ஏழைகளுக்குத் தம் பழைய சட்டையைத் தந்துவிட்டுத் தாம் புதியது உடுத்தவில்லை. அவர்கள் உடுத்தியதைத் தாமும் உடுத்தினார்.

அவ்வளவு தூரம் நம்மால் போக முடியாமல் இருக்கலாம். ஆனால் நம் பங்கில் ஓர் அறையை ஒதுக்க முடியும். அன்பியத்தினர் துணி சேர்க்கலாம். ஆனால் துவைத்து, மடித்து, பொத்தான் பார்த்துக் கொண்டுவர வேண்டும். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது உடுத்துகிறவருக்கு மட்டுமல்ல, கொடுக்கிறவருக்கும்தான். வந்ததை மூன்றாகப் பிரிக்கலாம்: அப்படியே உடுத்தக்கூடியது, தைத்தால் உடுத்தக்கூடியது, எதற்கும் ஆகாதது. இரண்டாவது வகை, தையல் தெரிந்த நம் சகோதரிகளுக்குக் கூலியோடு வேலை தரும். மூன்றாவது வகையில் பருத்தித் துணியாக இருப்பது பட்டறைகளில் கை துடைக்க உதவும். அதை ஏழைகளுக்கு என்று கட்டாதிருப்போம். வீடுகளைச் சந்திக்கும் வின்சென்ட் தே பவுல் சபையினர் சீட்டு கொடுக்கட்டும். கடையில் இருப்பவர் அந்தச் சீட்டைப் பணத்தாளை வாங்குவதுபோலவே வாங்கட்டும். நம் மதம், வேற்று மதம் என்ற கேள்வி அங்கே வேண்டாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய உலக வறியோர் நாள், 2017ஆம் ஆண்டிலிருந்து, கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்தைய ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது. தொடங்குவதற்கு அது நல்ல நாள்.

அந்த அறையில் மறக்காமல் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டி வையுங்கள். சேலையைத் தோளில் போட்டுப் பார்க்கட்டும்; பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கட்டும். இறைவனின் சாயலில் படைக்கப்பட்டவர், தம் முகத்தை நிமிர்ந்து பார்க்கட்டும்.

இறைவன் நம் கைகளையும், நம் அலமாரிகளையும் திறப்பாராக. ஆமென்.