கல் பழக வேண்டும்

1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று அடுத்தடுத்து வேலை வந்தது. பிழைக்க வந்து அம்பத்தூர், ஆவடிப் பக்கம் குடியேறிய குடும்பங்களின் அடுப்படியில் வார்ப்பிரும்பு தோசைக்கல் இருந்தது. குழிப்பணியாரச் சட்டியும் இருந்தது.

அன்று புதுக்கல் வாங்கினால் உடனே தோசை கிடையாது. சொரசொரவென்ற கல்லை அரிசி களைந்த தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போடுவார்கள். தினமும் தண்ணீரை மாற்றுவார்கள். பிறகு தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காய வைத்து, நல்லெண்ணெயை மெல்லத் தடவி, சின்னத் தீயில் புகை வரும்வரை வைப்பார்கள். ஆறியதும் மறுபடி எண்ணெய், மறுபடி சூடு. பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தி, கல் முழுக்கத் தேய்ப்பதும் உண்டு. அப்படியும் முதல் சில தோசைகள் பிய்ந்துதான் வரும். சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிய படலமாகிறது. கறுத்துப் பளபளக்கும் அந்தப் படலம்தான் மாவை ஒட்டவிடாமல் காக்கிறது. வெறுஞ்சூட்டில் அது கருகிப் போகும் என்பதால்தான் சப்பாத்திக்குத் தனிக்கல் வைத்தார்கள். காரணம் தெரிந்த பெண்களின் கண்டிப்பு அது.

பிறகு நான்ஸ்டிக் வந்தது. வேதியியலர் ராய் பிளங்கெட் 1938-ல் கண்டுபிடித்த டெஃப்லான்தான் அதன் பூச்சு; அது நம் வீடுகளுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. எடை குறைவு, எண்ணெய் மிச்சம். ஆனால் பூச்சு உரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஒன்றுக்காக, நன்றாகப் பழகிய கல்லைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றார்களே, அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

இன்று பூந்தமல்லி, ஆவடி அடுக்ககங்களுக்கு அதே கல் ஆன்லைனில் திரும்பி வருகிறது, பழக்கியே விற்கிறார்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலும் வேலை செய்கிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் பராமரிப்புப் பழக்கம் கூடவே வரவில்லை. இரவெல்லாம் தொட்டியில் ஊறினால் காலையில் துரு. சூடேறிய கல்லில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். வார்ப்பிரும்பு உறுதியானது, ஆனால் வளையாது. வார்ப்பிரும்புச் சட்டியில் வைக்கும் புளிக்குழம்பு படலத்தை அரிக்கும், வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். அரித்த இரும்பில் கொஞ்சம் உணவிலும் சேரும்; 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்த நாட்டில் அது தீமையல்ல. ஆனால் மருந்துக்கு மாற்றும் அல்ல.

பரணில் துருப்பிடித்த கல் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். விரிசல் இல்லையென்றால் போதும்: துருவைத் தேய்த்தெடுத்து, உலர்த்தி, எண்ணெய் தடவிச் சூடேற்றுங்கள். மறுபடி பழகிவிடும்.