மலையகத்து முதுமையும் மாதக் காசும்

தோட்டத்தில் "பென்சன்காரர்" என்றால் அது ஆசிரியர், தபாலதிபர், பொலிஸ்காரர் மாதிரி அரசாங்கச் சம்பளக்காரர்தான். நானும் அந்த வரிசையில் வருகிறவன். ஓய்வு பெற்றபின் சாகும்வரை மாதா மாதம் ஒரு தொகை எனக்கு வரும். நான் படிப்பிக்கும் பிள்ளைகளின் பாட்டிமார் என்னைவிட அதிக ஆண்டுகள் உழைத்தவர்கள். அவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அட்டன், நுவரெலியா தோட்டங்களில் முதுமை எப்படிக் கழிகிறது என்பதை இந்த வேறுபாட்டிலிருந்துதான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

தோட்டத் தொழிலாளிக்குச் சட்டம் தருவது மொத்தப் பணம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்த வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இதைப் பெறலாம். தோட்டத்தார் "சேவைக்காலப் பணம்" என்று சொல்வது 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி வருவது. நாட்சம்பளக்காரருக்கு வேலைசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில், 30 ஆண்டு கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்குச் சேவைக்காலப் பணம் 567,000 ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் அதை 20 ஆண்டுக்குப் பகிர்ந்தால் மாதம் சுமார் 2,360 ரூபாய்தான். அப்படி யாரும் பகிர்ந்து வைப்பதுமில்லை. மகளின் கல்யாணம், அடகு நகை, கடைக்கடன், லயக் காம்பராவின் கூரைத்தகடு எல்லாம் அந்தப் பணத்துக்காகவே காத்திருக்கும். "வந்ததும் தெரியல சேர், போனதும் தெரியல" என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். அதன்பின் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். இல்லாவிட்டால் மகனின் கையைப் பார்த்திருக்க வேண்டும்.

மாதக் கொடுப்பனவு வேறு விதமாக வேலை செய்கிறது. வறிய முதியோருக்கு, 70 வயதைக் கடந்தபின், அரசு வழங்கும் உதவி நெடுநாள் 2,000 ரூபாயாக இருந்தது. பின்னர் 3,000 ஆகி, 2025 ஏப்ரலிலிருந்து 5,000 ஆயிற்று. நாலு நாள் கொழுந்துச் சம்பளத்துக்கும் குறைவு. ஆனாலும் அது அடுத்த மாதமும் வரும், அவர் பெயரிலேயே வரும். பிரஷர் மாத்திரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசுக்கும் மருமகளிடம் கேட்க வேண்டியதில்லை. வெற்றிலைக்கும் அப்படித்தான். மாதம் பிறந்தால் காசு வரும் என்று தெரிந்தவருக்குக் கடைக்காரர் கடன் கொடுப்பார். டவுனில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேரனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுக்கும்போது வீட்டில் அவர் சொல்லுக்கு ஒரு இடம் கிடைக்கிறது.

வெளிநாட்டு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. தென்னாபிரிக்காவின் முதியோர் ஓய்வூதியத்தைப் பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ ஆராய்ந்தார். பாட்டி பணம் பெற்ற வீடுகளில் பேத்திமாரின் உடல் வளர்ச்சி மேம்பட்டிருந்தது. தாத்தா பெற்ற வீடுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. மெக்சிக்கோவில் 2007 இல் கிராமப்புறத்தில் 70 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் 500 பேசோ கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன, கூலிவேலைக்குப் போவதும் குறைந்தது.

நம் மலையகத்தில் இரண்டு தடைகள் இருக்கின்றன. முதலாவது வயது. 55 இல், 60 இல் வேலையை விட்டவர் 70 வரை எதைக் கொண்டு வாழ்வது? இரண்டாவது கடதாசி. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தும்தான் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. இன்று எழுபதைக் கடந்தவர்கள் அந்த அலைக்கழிவிலேயே வளர்ந்தவர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்து செக்ரோலில் வேறொன்று. அட்டையில் வயது நாலு குறைத்துப் பதிவாகியிருந்தால் கொடுப்பனவும் நாலு ஆண்டு தள்ளிப்போகும்.

இது தோட்டத்து இந்து மக்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். இமாம் அபூ யூசுஃப் தம் கிதாபுல் கராஜில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். பிச்சை கேட்டு நின்ற பார்வையிழந்த யூத முதியவர் ஒருவரைக் கலீஃபா உமர் (ரழி) தம் வீட்டுக்கு அழைத்துப்போய் உதவினார். பின்பு பைத்துல் மாலுக்குச் சொல்லி அனுப்பி, அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் ஜிஸ்யாவை நீக்கி, பொது நிதியிலிருந்து கொடுக்க வைத்தார். இளமையில் ஒருவரிடம் வாங்கிய சமூகம் முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியல்ல என்பதே அவர் சொன்ன காரணம். கொழுந்துப் பணத்தில் எழுந்த கடைத்தெருக்களில் வியாபாரம் செய்யும் நமக்கும் அந்தக் காரணம் பொருந்தும்.

றமழானில் நாம் கொடுக்கும் அரிசிப் பொதி நல்லதுதான். அதே ஸதகாவைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு மாதமும் முதியவரின் கையிலேயே காசாகக் கொடுத்தால் பயன் கூடும். எழுதத் தெரிந்த நம் இளைஞர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்குப் போய்ப் பெயர்த் திருத்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை, ஒரு பேனையும் அரை நாளும் போதும்.