செப்புத் தகட்டில் பிரபுக்களின் முகங்கள்

புகைப்படம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னரே, ஓர் அரசனின் முகத்தை, அவனை நேரில் ஒருநாளும் கண்டிராத குடிகளும் அயல்நாட்டு ஸ்தானிகர்களும் அறிந்துகொள்ளச் செய்தது, செப்புத் தகட்டில் உளியால் கீறி அச்சிட்ட சித்திரமேயாகும். வர்ணப்படம் ஒரு மாளிகைச் சுவரோடு நின்றுவிட, தகட்டிலிருந்து எடுத்த பிரதிகளோ நூற்றுக்கணக்கில் தேசமெங்கும் பரவின.

பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் இக்கலையின் சிகரமாக விளங்கியவர், ரேன்ஸ் நகரில் பிறந்த ரொபேர் நாந்தேய். கார்டினல் மஸாரின், மந்திரி கோல்பேர், சேனாதிபதி தூரேன் ஆகியோரையும், பதினான்காம் லூயி மன்னரையும் பெரும்பாலும் எதிரில் அமர்த்தித் தாமே வரைந்து, அவ்வுருவத்தையே பின்னர்ச் செப்பில் ஏற்றினார். இருநூறுக்கும் மேற்பட்ட உருவப்படங்களை அவர் இவ்வாறு படைத்தார்.

தகட்டை மெருகேற்றித் தோல்மெத்தையின்மேல் கிடத்தி, கூரிய எஃகு உளியை உள்ளங்கையால் உந்தும்போது, செம்பு மெல்லிய சுருளாக எழுந்து பள்ளம் விழும். வளைகோடு வேண்டுமிடத்தில் உளியைத் திருப்பாமல் தகட்டையே திருப்புவர். பிறகு மை பூசி மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். அதன்மேல் ஈரக் காகிதத்தைப் பரப்பி, கம்பளி போர்த்தி, இரு உருளைகளுக்கிடையே அழுத்திச் செலுத்த, காகிதம் அம்மையை ஏந்திவரும். அச்சில் இடமும் வலமும் மாறுமாதலால், பிரபுவின் பட்டங்களையும் குலச்சின்னத்தையும் தகட்டில் மாற்றியே செதுக்குவது அவசியம். பதவி உயர்ந்தால், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பொறிப்பதும் உண்டு.

வர்ணத்தின் துணையின்றி, கன்னத்தின் மென்மையை நுண்புள்ளிகளாலும், கேசத்தின் அலையை நீண்ட கோடுகளாலும், பட்டையும் கவசத்தையும் வெவ்வேறு இடைவெளிகளாலும் உணர்த்துவதிலேயே நாந்தேயின் மேதை விளங்குகிறது. அத்தகைய கைத்திறனைத் தொழிற்சங்கங்களின் கட்டுப்பாட்டுக்குள் அடக்குதல் தகாது என்று கருதியே போலும், 1660-ஆம் ஆண்டில், ஸ்பெயின் இளவரசியை மணம்புரியும் பொருட்டு சேன் ழான் தெ லூஸ் என்னும் ஊரில் தங்கியிருந்த லூயி மன்னர், செதுக்குச் சித்திரத்தைச் சுதந்திரக் கலைகளுள் ஒன்றாக அறிவித்து ஒரு சாசனம் பிறப்பித்தார்.

அரசர்களின் முகத்தைப் பரப்பிய கைவினைக்கு அரசனே அளித்த கௌரவம் அது. அம்மன்னரின் காலத்துச் செப்புத் தகடுகள் பல, 1797-இல் லூவ்ரில் நிறுவப்பட்ட தகட்டுச் சேகரத்தில் பேணப்பட்டு வருகின்றன. அச்சேகரத்தின் தகடுகளிலிருந்து இன்றும் பிரதிகள் எடுத்து விற்கப்படுகின்றன.