சாதியைப் பேசும் வகுப்பறை

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களில் அவரோடு அதே பள்ளியில் படித்தவர்களும் இருந்தார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்ற பரிந்துரை ஊரெல்லாம் பேசப்பட்டது. கயிற்றை ஒரே நாளில் அறுத்துவிடலாம். அதைக் கட்டச் சொன்ன பெருமையைப் பேசித்தான் கரைக்க வேண்டும். அந்தப் பேச்சை வகுப்பில் எப்படி நடத்துவது?

‘எல்லாரும் சமம்’ என்று ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் தலையாட்ட, மணி அடித்துவிடுவது ஒரு வகை. இன்னொன்று இதைவிட மோசம். நல்லெண்ணத்தோடுதான், ஒரு பிள்ளையை எழுப்பி, ‘உனக்கு நடந்ததைச் சொல்லுப்பா’ என்பார்கள். வகுப்பே பார்த்திருக்க, தன் சாதியைத் தானே அறிவிக்கிறது அந்தப் பிள்ளை. சாயங்காலம் அதே பசங்களோடு அதே பஸ்ஸில்தான் அது ஊர் திரும்ப வேண்டும்.

ஆளை விட்டுவிட்டு, பள்ளியின் வழக்கத்தைப் பேச்சுக்கு எடுக்கலாம். ‘எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எந்திரிங்க’ என்று வகுப்பில் கூப்பிடுவது சரியா? வேறு எப்படித் தகவல் சொல்லலாம்? வகுப்பறையை யார் கூட்டுகிறார்கள்? மதியச் சாப்பாட்டில் யார் யாரோடு உட்காருகிறார்கள்? இவற்றுக்கு யாரும் பதில் சொல்லலாம். யாரும் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பெயர் எழுதாத சீட்டில் முதலில் எழுதச் சொன்னால், வாயாடிகளே பேசி முடிப்பதும் குறையும். பேச விருப்பமில்லாதவர் சும்மா இருக்கலாம்.

‘இப்பல்லாம் யாரு சார் சாதி பார்க்குறா?’ என்று ஒருவன் கேட்பான். அவனை அதட்டி உட்கார வைத்தால், மிச்சத்தை டீக்கடையில் பேசுவான். ‘ஒரு வாரம் கவனிச்சுட்டு வந்து சொல்லு’ என்று வேலை கொடுக்கலாம். ஆனால், ஒரு சாதியைப் பழித்துப் பேசினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அதைக் கருத்துச் சுதந்திரம் என்று விட்டுவிடக் கூடாது.

பேசியதில் ஒன்றாவது மறுவாரம் நடைமுறைக்கு வர வேண்டும். ஸ்காலர்ஷிப் அறிவிப்பு மாறவில்லை என்றால், அடுத்த முறை பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள்.

ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராகப் போடக் கூடாது என்கிறது அதே அறிக்கை. சந்தேகம் பெரியவர்கள் மேலும் இருக்கிறது. ஆகவே, மாணவர்களைக் கூட்டி உட்கார வைக்கும் முன், முதல் கூட்டத்தை ஆசிரியர்கள் தங்கள் அறையில் நடத்திக்கொள்வதுதான் முறை.