பனிச்சறுக்குத் தாவுகளம்

பழனி மலைத்தொடரில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல், மார்கழி, தை இரவுகளில் புல்வெளி வெளுக்கும் அளவுக்கு உறைபனி காண்கிறதேயன்றிப் பனிப்பொழிவு காண்பதில்லை. அதைவிட ஏறத்தாழ 550 மீட்டரே உயரமான காஷ்மீரத்துக் குல்மார்க், வெகுதொலைவு வடக்கே இருப்பதால் பனிச்சறுக்கின் முதன்மையான இந்தியக் களமாகி, 2020-இல் முதலாவது கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை நடத்தியது.

இத்தகைய பனிக்களங்களில், இரு கால்களிலும் தனித்தனிக் கட்டை பூட்டிச் செல்லும் ஸ்கீயிலோ, ஒரே பலகையில் பக்கவாட்டாக நின்று செல்லும் ஸ்னோபோர்டிலோ திருப்பங்களைக் கற்றுத்தேர்ந்த இடைநிலையினர் அடுத்து நாடுவது டெரெய்ன் பார்க், அதாவது பனியைச் செதுக்கி அமைத்த தாவுமேடுகளும், மேலேறி வழுக்கிச் செல்வதற்கான பெட்டிகளும் உலோகக் கம்பிகளும் கொண்ட சரிவு. இவர்களுக்கு ஏற்ற களத்தில் சிறியதும் நடுத்தரமுமான மேடுகள் வரிசையாக அமைந்திருக்கும். ஏறுமுகத்துக்கும் இறங்குசரிவுக்கும் இடையே பள்ளம் விடாமல் பனி நிரப்பப்பட்டிருப்பதால், தாவல் குறைந்துபோனாலும் எவரும் குழியில் விழுவதில்லை. எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது இறங்குசரிவின் சாய்வே. உடல் விழும் திசையோடு சரிவு ஒத்துப்போகும் அளவுக்கு மோதலின் வலிமை குறைகிறது, சமதளத்தில் இறங்குவோருக்கோ முழங்காலும் முதுகெலும்பும் அதை முழுமையாகத் தாங்க நேர்கிறது. பெட்டிகள் அகலமாகவும் பனிமட்டத்தோடு ஒட்டியும் இருத்தல் நன்று.

காலையில் இறுகிய பனி தரும் வேகத்தை நண்பகலில் இளகிய பனி தருவதில்லையாதலால், தலைக்கவசம் அணிந்து, முதல் சுற்றில் தாவாமல் களம் முழுவதையும் சறுக்கிப் பார்ப்பதே தேர்ந்தவர்கள் கைக்கொள்ளும் முறை.